நூலன்பாய்: பாக்சைட் ஊரில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் வடகோடியில் நூலன்பாய் என்ற ஊரில் மெயின்டனன்ஸ் வேலை ஒன்று வந்திருக்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததே நெய்வேலி டவுன்ஷிப்பில்தான். கம்பெனி குவார்ட்டர்ஸ், கம்பெனி தெருவிளக்கு எல்லாம் பழக்கம். கடல் பக்கத்தில் ஒரு நெய்வேலி என்று எடுத்துக்கொள்ளலாம் தானே? பழங்குடி நிலம் என்கிறார்கள், அது பேருக்குத்தானே? போய் வந்தவர்கள் சொல்லவும்.

3 மே 2025

பேருக்கு இல்லை தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த ஊரே குத்தகைக்குக் குடியிருக்கிற ஊர். சுரங்கம், துறைமுகம், வீடு, பள்ளிக்கூடம், சூப்பர் மார்க்கெட் எல்லாமே குத்தகை மண்ணில் நிற்கின்றன. குத்தகை எல்லையைத் தாண்டி வண்டியை விட்டால் நீங்கள் யோல்ங்கு என்கிற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறீர்கள், கையில் அனுமதிச் சீட்டு வேண்டும். நெய்வேலியில் நிலத்துக்காரரை எழுப்பி அனுப்பிவிட்டு டவுன்ஷிப் கட்டினார்கள். இங்கே நிலத்துக்காரர் எங்கும் போகவில்லை. 18 கிலோமீட்டர் தள்ளி யிர்கலா என்கிற ஊரில் இருக்கிறார், சனிக்கிழமை அதே சூப்பர் மார்க்கெட்டில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்.

நான் அங்கே பாக்சைட்டிலிருந்து அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினாவை எடுக்கிற ஆலையில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியனாக இருந்தவன். ஆலை மூடியதும் வடக்கு ஆட்பகுதியின் தலைநகரான டார்வினுக்கு வந்துவிட்டேன். இப்போதும் அவ்வப்போது போவதுண்டு.

3 மே, கொஞ்ச நேரம் கழித்து

எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தீர்களா? ஆஸ்திரேலியாவின் தலைக்கு மேல் கார்பென்டாரியா வளைகுடா என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கும். அதன் இடது மேல் முனை, கோவ் தீபகற்பம். டார்வினிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சாலையில் வந்தால் ஆயிரம் கிலோமீட்டர், அதில் காத்ரீனுக்குத் தெற்கே பிரிகிற சுமார் 700 கிலோமீட்டர் பெரும்பாலும் செம்மண் பாதை. மழைக்காலத்தில் ஆறுகள் நிறைந்தால் பாதை மூடிக்கிடக்கும். அரிசி, பருப்பு, டயர், கட்டில் எல்லாம் டார்வினிலிருந்து பார்ஜில் கடல்வழி வருகிறது. விலை அதற்கேற்றபடி.

அந்தப் பாதையில் போக யார் அனுமதி தருகிறார்கள் தெரியுமா? வடக்கு நில மன்றம், நார்தர்ன் லேண்ட் கவுன்சில். சுருக்கமாக என்.எல்.சி. நெய்வேலிக்காரருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் என்.எல்.சி. நிலத்தை எடுக்கும், அந்த என்.எல்.சி. நிலத்துக்காரர் பக்கம் நின்று 'நீ யார், எங்கே போகிறாய்' என்று கேட்கும்.

5 மே 2025

'சுரங்கம் எப்படி இருக்கும், ஆழமா' என்று கேட்டிருந்தீர்கள். பாதாளச் சுரங்கம் எல்லாம் கிடையாது. பாக்சைட் என்கிற அலுமினியத் தாது மேலாகவே கிடக்கிறது, சில மீட்டர் கனத்தில். மரத்தை அகற்றி, மேல்மண்ணைச் சுரண்டி ஒதுக்கி, சிவப்புக் கூழாங்கல் மாதிரி இருக்கிற தாதுவை வாரி லாரியில் போட்டு, நொறுக்கி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றுவார்கள். அந்த பெல்ட் கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் நீளம், காட்டுக்குள் ஓடி துறைமுகத்தில் முடியும். தாது எடுத்த இடத்தில் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி விதை போடுவார்கள். ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கப்பல் ஏறுகிறது.

என் காலத்தில் தாது அப்படியே போகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஆலை இருந்தது, 1972ல் ஓட ஆரம்பித்தது. தாதுவை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து, கரையாத செஞ்சேற்றை வடிகட்டிக் குளங்களுக்கு அனுப்பிவிட்டு, தெளிந்த கரைசலிலிருந்து வெள்ளைப் பொடியாக அலுமினாவை எடுப்பது. சொல்லச் சுலபம். காஸ்டிக் போகிற குழாய்க்குள் சுண்ணாம்புக் காரை மாதிரி ஒரு படிவு ஏறிக்கொண்டே இருக்கும். நான் பார்த்தது அழுத்தமானி, ஓட்டமானி வகையறா. அளவு திடீரென்று அசையாமல் நின்றால் தொட்டியில் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை, மானியின் வாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். முகமூடி, ரப்பர் கையுறை, கழுத்து வரை மூடிய உடுப்பு, வெளியே 33 டிகிரி, காற்றில் ஈரம் பிழிந்து ஊற்றலாம். பக்கத்தில் அவசரக் குளியல் குழாய் ஓடுகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் ஃபிளாஞ்சில் ஸ்பேனர் வைப்போம். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, வீட்டில் குழாய் மாற்றும்போதுகூட.

ஊரில் எவர் வீட்டுக்கும் வெள்ளைக் காலுறை சரிவராது. இரண்டு சலவையில் காவி கட்டிவிடும்.

6 மே 2025

ஆலை ஏன் மூடியது என்று ஒருவர். கச்சா எண்ணெய்க் கசடு எரித்து ஓடிய ஆலை, எரிபொருள் செலவு கட்டுபடியாகவில்லை. குழாய் போட்டு எரிவாயு கொண்டுவரும் பேச்சு நடந்தது, நடக்கவில்லை. அலுமினா விலையும் படுத்திருந்தது. 2013 நவம்பரில் சுரங்கமும் ஆலையும் நடத்திய ரியோ டின்டோ கம்பெனி அறிவித்தது, 2014ல் நிறுத்திவிட்டார்கள். சுமார் 1100 பேருக்கு வேலை போனது, ஊரில் இருந்தவர்களே மொத்தம் 4000 சொச்சம். ஒரே வருஷத்தில் தெருத்தெருவாக வீடுகள் காலி. பள்ளிக்கூட வாசலில் போட், சோபா, குழந்தை சைக்கிள் எல்லாம் விற்பனைக்கு என்று காகிதம் ஒட்டியிருக்கும், வாங்க ஆள் இல்லை. போட்டை பார்ஜில் ஏற்றி டார்வின் கொண்டுபோகிற செலவுக்கு டார்வினிலேயே பழைய போட் வாங்கலாம். என்னை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் பிள்ளைகளின் பரீட்சை நடக்கும்போது வந்தது. பள்ளி நிர்வாகம் புரிந்துகொண்டது, அவர் புரிந்துகொள்ளவில்லை.

8 மே 2025

இப்போது நிலத்துக்கு வருகிறேன். இது நீளும், பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

நூலன்பாய் இருக்கிற ஆர்னம் லேண்ட் பகுதி 1931லேயே பழங்குடிகளுக்கான ஒதுக்கீட்டு நிலம். 1935ல் மெதடிஸ்ட் சபை யிர்கலாவில் மிஷன் வைத்தது. பாக்சைட் இருப்பது தெரிந்ததும், 1963ல் கான்பெராவில் இருந்த அரசு ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்துச் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவர்கள் எழுதியதுதான் மரப்பட்டை மனு. 1963 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்குப் போனது. தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்த காகிதம், அதை ஒட்டியிருப்பது ஸ்டிரிங்கிபார்க் என்கிற யூகலிப்டஸ் மரத்தின் பட்டையில், சுற்றிலும் குலங்களின் ஓவியம். பார்ப்பவர்களுக்கு அது அழகான பார்டர். வரைந்தவர்களுக்கு அது பட்டா: எந்த நிலம், எந்தக் கடல், எந்தக் குலத்துக்கு என்பதை அந்த வடிவங்கள் சொல்கின்றன. முதல் மனுவில் 12 பேர் கையெழுத்து. இவர்கள் எல்லாருக்காகவும் பேசுகிறார்களா என்று அமைச்சர் சந்தேகம் கிளப்பினார். உடனே இன்னொரு மனு, பெரியவர்களின் கைரேகைகளோடு. விசாரணைக் குழு அமைத்தார்கள், குழு இழப்பீடும் புனித இடங்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்றது. சுரங்கம் நிற்கவில்லை. மனு மட்டும் இன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

அப்புறம் கோர்ட். அப்போதைய சுரங்கக் கம்பெனியான நபால்கோ மீதும் மத்திய அரசு மீதும் யோல்ங்குகள் போட்ட வழக்கு, 1971ல் தீர்ப்பு. நீதிபதி பிளாக்பர்ன் யோல்ங்குகளிடம் நுணுக்கமான, நிலையான சட்ட ஒழுங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தின்படி அது சொத்துரிமை ஆகாது என்று தள்ளிவிட்டார். சட்டம் இருக்கிறது, உரிமை இல்லை! நம்மூர் தாசில்தார் ஆபீசில் 'அனுபோகம் சரி, பத்திரம் எங்கே' என்று கேட்பார்களே, அதேதான். ஆனால் அந்தத் தோல்விதான் அரசியல்வாதிகளை உறுத்தியது. உட்வர்ட் விசாரணை ஆணையம் வந்தது, 1976ல் வடக்கு ஆட்பகுதிக்கான நில உரிமைச் சட்டம் வந்தது. அதற்குள் கோவ் தீபகற்பத்தில் ஆலை, ஊர், பெல்ட் எல்லாம் எழும்பிவிட்டன.

நான் முதலில் போனபோது இதெல்லாம் தெரியாது. கம்பெனி கொடுத்த அறிமுக வகுப்பில் கண்ணாடி, ஹெல்மெட், முதலை பற்றிச் சொன்னார்கள். யிர்கலா ஓவிய மையத்தில் மரப்பட்டை ஓவியம் பார்க்கப் போய்த்தான் மனு விவகாரம் காதில் விழுந்தது. நாங்கள் தாதுவுக்காகச் சாய்க்கிற காடும் அதே ஸ்டிரிங்கிபார்க் காடுதான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கரையான் அரித்துக் குடைந்த அதே மரக்கிளையில்தான் யிடாகி ஊதுகுழலும் செய்கிறார்கள். இப்போது குமாட்ஜ் குலத்தாரின் நிறுவனம் மரம் அறுக்கும் பட்டறை வைத்து, எரித்துவிடப்போகிற மரங்களை முன்னாலேயே வெட்டிப் பலகையாக்குகிறது.

9 மே 2025

'ராயல்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் பணக்காரர்கள்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நீங்கள் யிர்கலாவுக்குப் போனதில்லை என்பது மட்டும் தெரிகிறது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருப்பதை அங்கே பார்க்கலாம், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் பார்க்கலாம். பணம் வருகிறது, உண்மை. 2011ல்தான் கம்பெனி குமாட்ஜ், ரிராட்ஜிங்கு குலங்களோடு முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதுவும் 42 ஆண்டுக்கு, 2053 வரை. சுரங்கம் ஆரம்பித்து நாற்பது வருஷம் கழித்து! அந்தப் பணத்தை இரண்டு குலங்களுக்கும் எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதில் கோர்ட் வரை தகராறும் போனது. பாகப்பிரிவினை என்றால் கோர்ட்டுக்குப் போகாத ஊர் எது?

9 மே, இரவு

இன்னொன்று, இது புதுசு. குமாட்ஜ் குலத் தலைவராக இருந்த யூனுபிங்கு, இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். (இறந்தவர் பெயரைச் சொல்வதில் அங்கே கட்டுப்பாடு உண்டு, அதனால் முழுப்பெயர் எழுதவில்லை.) 1971 வழக்கில் பெரியவர்களுக்கு மொழிபெயர்த்த இளைஞர் அவர். 2023 ஏப்ரலில் காலமானார். 2025 மார்ச் 12 அன்று உயர்நீதிமன்றம், அங்கே அதுதான் உச்சநீதிமன்றம், அவர் பக்கமே சொல்லிவிட்டது: பூர்வகுடி நிலவுரிமையும் சொத்துதான், அதைப் பறித்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்ற அரசியல் சாசன விதி மத்திய அரசையும் கட்டும். தொகை இனிமேல்தான் முடிவாக வேண்டும். கேட்டது சுமார் 700 மில்லியன் டாலர் என்று செய்தி.

11 மே 2025

கடற்கரை எப்படி என்று கேட்ட தங்கைக்கு: மணல் வெள்ளை, தண்ணீர் பச்சை, காலெண்டர் படம்தான். குளிக்க முடியாது. உப்புநீர் முதலை வருஷம் முழுக்க, பெட்டி ஜெல்லி என்கிற விஷ ஜெல்லிமீன் மழைக்காலத்தில். 'நல்ல நாள்' என்று ஒன்று கிடையாது, நாங்கள் போய் மணலில் டீ குடித்துவிட்டு வருவோம். ஊருக்கு வெளியே உள்ள கடற்கரைகளுக்கு டிமுரு என்கிற யோல்ங்கு நிறுவனத்தில் பெர்மிட் வாங்க வேண்டும், 1992லிருந்து அவர்கள்தான் அந்த இடங்களைப் பராமரிக்கிறார்கள். சில இடங்களை ஈமச்சடங்கு நடந்தால் மூடிவிடுவார்கள். 'பணம் கட்டியிருக்கிறேனே' என்று முனகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டு வாசலில் நின்று பேசுகிற பேச்சா அது?

14 மே 2025

'சமையலுக்குப் புளி கிடைக்குமா' என்று கேலியாகக் கேட்டவருக்குச் சீரியசாகவே பதில்: மரமே இருக்கிறது. ஆர்னம் லேண்ட் கடற்கரையில் பல இடங்களில் புளியமரம் நிற்கிறது. கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள மக்காசர்க்காரர்கள். மழைக்காற்றோடு பாய்மரத்தில் வந்து, கடல் அட்டை பிடித்து, வேகவைத்து, உலர்த்தி, காற்று திரும்பியதும் போய்விடுவார்கள். சரக்கு கடைசியில் சீனாவுக்கு. ராமேஸ்வரம், மன்னார் பக்கத்து ஆட்களுக்குக் கடல் அட்டை வியாபாரம் புதிதில்லை. 1907 வாக்கில் அரசு அந்தப் படகுகளை அடியோடு நிறுத்திவிட்டது. யிர்கலாவுக்குக் கொஞ்சம் தெற்கே தரையில் கற்களை அடுக்கியே அந்தப் படகுகளின் வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள், படகுக்குள் இருந்த அறைகள் உட்பட. பார்த்து வையுங்கள்.

எனக்கு அந்தக் கற்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் தோன்றியது, இன்றும் அதே எண்ணம்தான். வெளியாட்களோடு எப்படிப் பழகுவது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்நியர் வரலாம், வேலையைப் பார்க்கலாம், துணியும் கத்தியும் புகையிலையும் கொடுத்துவிட்டுப் போகலாம். சண்டை சச்சரவும் நடந்திருக்கிறது, எல்லாம் இனிமை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வந்தவர் நிலம் தன்னுடையது என்று சொன்னது 1963ல்தான் புதுசு.

20 மே 2025

இழை எங்கேயோ போய்விட்டது என்று புகார். இன்னும் கொஞ்சம் போகட்டும்.

யோல்ங்குகளிடம் உலகமே இரண்டு பாதி: டுவா, யிரிட்ஜா. ஆள், மரம், மீன், காற்று, பாட்டு எல்லாம் இரண்டில் ஒன்று. ரிராட்ஜிங்கு டுவா, குமாட்ஜ் யிரிட்ஜா. கல்யாணம் எதிர்ப் பாதியில்தான். அதிலும் ஆணுக்குத் தாய்மாமன் மகள் முறைப்பெண், அத்தை மகள் முறை கிடையாது. என்னோடு வேலை பார்த்த ஒரு யோல்ங்குப் பெரியவர் ஒரு நாள் டீ இடைவேளையில் மணலில் குச்சியால் கோடு போட்டு இதை விளக்கினார். நான் 'எங்கள் ஊரிலும் மாமன் மகள் உண்டு, அத்தை மகளும் உண்டு' என்றேன். முதல் பாதிக்குச் சந்தோஷமாகத் தலையாட்டியவர் இரண்டாவது பாதிக்கு முகத்தைச் சுளித்தார். எங்களோடு இருந்த மெல்பர்ன்காரருக்கு இரண்டுமே அதிர்ச்சி. மாமியார் முன்னால் மருமகன் நேராக நின்று பேசக்கூடாது என்கிற வழக்கமும் உண்டு. அந்த ஏற்பாட்டைப் பற்றி என் கருத்தை இங்கே எழுத முடியாது, வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாள் பழகினால் உங்களையும் யாராவது தத்தெடுத்து ஒரு முறை சொல்லி அழைப்பார்கள். அது செல்லப்பெயர் இல்லை, அதில் கடமை உண்டு. வண்டியில் இடம் கேட்பார்கள், சாவுக்கு எதிர்பார்ப்பார்கள். சிலர் அதைத் தொல்லை என்பார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அது அப்படித் தோன்ற வேண்டியதில்லை.

2 ஜூன் 2025

முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. தாது தீர்கிறது. இந்தப் பத்தாண்டு முடிவில் ரியோ டின்டோ தோண்டுவதை நிறுத்தும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆலையை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரை நிர்வகிப்பது தேர்தலில் வந்த நகராட்சி இல்லை, சுரங்கத்தோடு ஒட்டிய ஒரு நிர்வாக நிறுவனம். சுரங்கம் போனால் தண்ணீர், கரண்ட், குப்பை யார் கையில்? குத்தகையை மண்ணின் உரிமையாளர்களிடம் மாற்றுவது பற்றிப் பேச்சு ஓடுகிறது.

ஜபிருவில் இது ஏற்கெனவே நடந்தது. ககாடுவில் யுரேனியச் சுரங்கத்துக்காகக் கட்டிய ஊர் அது, 2021 ஜனவரியில் ஆலை நின்றது, அதே ஆண்டு ஊர் அந்த மண்ணின் பழங்குடிகளான மிரார் மக்கள் கைக்கு வந்தது. ஆனால் ஜபிருவுக்கு ககாடு பார்க்கப் பயணிகள் காரிலேயே வருவார்கள். நூலன்பாய்க்கு யார் வருவார்கள்? ஆகஸ்டில் பக்கத்துக் குல்குலாவில் யோல்ங்குகளின் கார்மா விழா நடக்கும்போது பிரதமர் உட்பட நாடே வரும், நாலு நாள். மற்ற நாளில் மீன்பிடிக்கிறவர்கள்.

குமாட்ஜ் தரப்பு சும்மா இல்லை. 2017லிருந்து சொந்தமாகவே ஒரு பாக்சைட் சுரங்கம் நடத்துகிறார்கள், கூடவே பயிற்சி மையம். ராக்கெட் ஏவுதளத்துக்கும் இடம் கொடுத்தார்கள். 2022 ஜூன், ஜூலையில் நாசா மூன்று ராக்கெட் விட்டது, அமெரிக்காவுக்கு வெளியே தனியார் தளத்திலிருந்து நாசா ஏவியது அதுதான் முதல் தடவை. 2024 இறுதியில் அந்த ஏவுதள நிறுவனம் குத்தகை இழுபறி என்று சொல்லிவிட்டுக் குவீன்ஸ்லாந்தின் வைபா பக்கம் கிளம்பியது. தாமதத்துக்குத் தாங்கள் காரணம் இல்லை என்றது நில மன்றம். வைபாவும் பாக்சைட் ஊர், அதுவும் பழங்குடி நிலம். அங்கே மப்பூனில் 1963லேயே போலீஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் வீடுகளைக் கொளுத்திய கதை இருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சிலர் ஊரையே மூடிவிடலாம் என்கிறார்கள். முதலில் எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் மருத்துவமனை, உயர்நிலைப் பள்ளி, விமான நிலையம் மூன்றையும் சுற்றியுள்ள யோல்ங்குக் குடியிருப்புகள்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. கம்பெனி போனால் கூடவே எங்களை மாதிரி ஆட்கள் போவோம், அவர்கள் போகமாட்டார்கள். ஆக ஊர் வேண்டும், அளவு சிறிதாகட்டும், சாவி அவர்கள் கையில் இருக்கட்டும். இப்போதைக்கு என் நிலை இது.

9 ஜூன் 2025

நெய்வேலித் தம்பி மறுபடி வந்து 'ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, என்ன கேட்க வேண்டும்' என்கிறார். வாழ்த்துகள். வீடு யார் பேரில், வேலை போனால் எத்தனை வாரத்தில் காலி செய்ய வேண்டும், ஊருக்கு வருஷத்தில் எத்தனை விமான டிக்கெட், சாமான் திரும்ப அனுப்புகிற செலவு யாருடையது: நாலையும் எழுத்தில் வாங்குங்கள். வேலை சுரங்கம் ஓட்டவா, மூடவா என்றும் கேளுங்கள். மூடுகிற வேலைக்கு எடுத்தால் அது 2030ஐத் தாண்டியும் இருக்கும், ஆலையை இடித்து செஞ்சேற்றுக் குளங்களை மூடி மரம் வளர்க்கப் பல வருஷம் பிடிக்கும். ஓட்டுகிற வேலை அப்படி இல்லை.

பீர் வாங்கிக் கொண்டுபோகவும் பெர்மிட் உண்டு, 2008லிருந்து, எல்லாருக்கும் பொது. அம்மாவை ஜனவரியில் கூட்டிவராதீர்கள், ஜூனில் கூட்டிவாருங்கள், வானம் தெளிவாக இருக்கும். பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கிடைக்காது.